இரண்டாவது கேள்வி

அந்தத் தூக்குச்சட்டியைச் சற்று அந்தப் பக்கம் நகர்த்திக்கொள்ள முடியுமா, அம்மா? நான் இங்கேதான் உட்கார வேண்டும். இந்தக் கதவுக்கு நேராக. உள்ளிருந்து பெயர் சொல்லி அழைத்தால் முதல் அழைப்பிலேயே எழுந்துவிட வேண்டும். இரண்டாம் முறை அழைக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. நன்றி.

பதினொரு மணிக்கு வரச் சொல்லிக் கடிதம் எழுதியிருந்தார்கள். நான் பத்தே முக்காலுக்கே வந்துவிட்டேன். இப்போது மணி பன்னிரண்டேகால். கண்காணிப்பாளர் அறுவைச் சிகிச்சையில் இருக்கிறாராம். மேட்ரன் வந்துகொண்டே இருக்கிறாராம். "செத்த நேரம் உக்காருங்க பாட்டி" என்று அந்த வாசல்காரர் சொல்லிவிட்டுப் போனார். பாட்டி! நான் யாருக்கும் பாட்டி இல்லை. திருத்தலாம் என்று வாயைத் திறப்பதற்குள் ஆள் போய்விட்டார்.

சாப்பிட்டாச்சா என்கிறீர்களா? ஆயிற்று, ஆயிற்று. நீங்கள் சாப்பிடுங்கள். எனக்காக மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

என் பெயர் சௌந்தரநாயகி. மகளிர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பத்தாறு ஆண்டுப் பணி. ஒரு நாள்கூட வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே சிவப்பு மை விழுந்ததில்லை. உங்கள் பெயர்? செங்கமலம். நல்ல பெயர். கணவருக்குக் காலில் எலும்பு முறிவா? மாடு முட்டியதா? அடடா. காப்பீட்டுத் தாளில் கையெழுத்து வாங்கக் காத்திருக்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கும் நேரம் இருக்கிறது.

நான் வந்திருப்பது ஒரு விசாரணைக்கு. என்மீது இல்லை, அம்மா. நான் கொடுத்த புகாரின்மீது. வேம்பரசி என்று இங்கே ஒரு செவிலி. இரண்டாம் மாடிப் பெண்கள் வார்டில் இருந்தாள். பெயர் மட்டும் எவ்வளவு அழகான பெயர், பாருங்கள். நான் எழுதியது சரிதான் என்று இன்று உள்ளே போய்ச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவளுக்கு வேலை போய்விடும். மேட்ரன் தொலைபேசியில் அழைத்தே சொன்னார்: "நீங்க எழுதினதுல மாத்தமில்லன்னா அந்தப் பொண்ணுக்கு இங்க வேலை இல்லீங்க டீச்சர். யோசிச்சிட்டு வாங்க."

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? நான் எழுதியதில் நடக்காதது ஒன்றுமே இல்லை. மூன்று பக்கம். அடித்தல் திருத்தல் கிடையாது. நகல் பையில் இருக்கிறது, பிறகு காட்டுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள். பங்குனியில் என் இடது காலில் ஒரு புண். செருப்புக் கடித்ததுதான், சர்க்கரை நோய் இருப்பதால் ஆறவில்லை. படுக்க வேண்டும், காலைத் தரையில் ஊன்றவே கூடாது, மூன்று வேளையும் இன்சுலின் போட வேண்டும் என்று இங்கே சேர்த்துக்கொண்டார்கள். சேர்க்கும்போது ஒரு தாள் தருவார்கள். உங்களிடமும் தந்திருப்பார்கள். நோயாளியுடன் இருப்பவர் பெயர் என்று ஒரு கட்டம். நான் 'திருமாறன், தம்பி மகன்' என்று எழுதினேன். அவன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். அவனுக்கு நான் தெரிவிக்கவில்லை. எதற்கு? வேலையை விட்டுவிட்டு ஓடிவருவான்.

வருவான். வராமல் இருக்கமாட்டான். ஞாயிறுதோறும் தவறாமல் அழைப்பவன். "சாப்பிட்டாச்சா அத்தை?" என்பான். "ஆயிற்று" என்பேன். "உடம்பு நல்லாருக்கா?" "இருக்கிறது." "சரி அத்தை, வைக்கிறேன்." அவ்வளவுதான். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இந்தக் காலத்தில் இதற்கே எத்தனை பேருக்குப் பொறுப்பு இருக்கிறது?

இங்கே சாப்பாட்டு முறை உங்களுக்குத் தெரியும். கேன்டீன்காரர்கள் வார்டுக்குக் கொண்டுவந்து தரமாட்டார்கள். கூட இருப்பவர் டோக்கனை எடுத்துக்கொண்டு கீழே போய் வாங்கிவர வேண்டும். முதல் மூன்று நாளும் எனக்குக் கவலை இருக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் அஞ்சலை என்றொரு அம்மாள். அவருடைய மருமகள் போகும்போது, "டீச்சர், உங்க டோக்கனையும் குடுங்க, ஒரே நடையா வாங்கியாந்துர்றேன்" என்று தானே கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். நான் கேட்டதில்லை. கேட்காமலேயே நடந்தது.

நான்காம் நாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கட்டிலுக்கு வேறு யாரும் வரவில்லை. காலையில் டீக்காரர் வார்டுக்குள்ளேயே வருவார், பன் வாங்கிக்கொள்ளலாம். இரவுக்கு என்னிடம் பிஸ்கட் இருந்தது. மதியத்துக்குத்தான் ஏற்பாடு இல்லை. ஒருவேளைச் சோறு. அதற்காக யாரையாவது கூப்பிட்டு, 'எனக்கு வாங்கித் தர ஆளில்லை' என்று சொல்ல வேண்டுமா?

அன்று மதியம் பணியில் இருந்தவள் ஹேமலதா என்ற செவிலி. எவ்வளவு மரியாதையான பெண்! தள்ளுவண்டியோடு வந்து நின்று, "சாப்பிட்டாச்சாம்மா?" என்றாள். "ஆயிற்று" என்றேன். சிரித்தாள். ஊசியைப் போட்டாள். போய்விட்டாள். பெரியவர்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் பழக்கம் அவளிடம் இருந்தது. வீட்டில் நன்றாக வளர்த்திருக்கிறார்கள்.

அன்றைக்கு வெயில் கடுமை. மதியத்துக்கு மேல் எனக்கு ஒரே வியர்வை. புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கை நடுங்கியது. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த அறிவிப்புப் பலகையைப் படிக்கப் பார்க்கிறேன், எழுத்து தெரிகிறது, சொல் பிடிபடவில்லை. எனக்கு! அப்போது தரை துடைக்க வந்த ஆயாம்மா, பெயர் குப்பாயி, என் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ டீச்சர்!" என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டு, தன் டீக்கு வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து என் வாயில் கொட்டினாள். பாதி தலையணையில். கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. வெயில்தான் காரணம். அந்த மின்விசிறி ஒழுங்காகச் சுற்றுவதில்லை. குப்பாயியிடம், "இதை யாரிடமும் சொல்லக் கூடாது" என்றேன். "சரிங்க டீச்சர்" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. விசாரணையில் அவளை யாரும் கேட்கவும் இல்லை.

இங்கேயும் விசிறி சரியில்லை போலிருக்கிறதே. சுற்றுகிறதா? சுற்றுகிறது என்கிறீர்கள். எனக்குக் காற்றே வரவில்லை.

ஐந்தாம் நாள் இவள் வந்தாள். வேம்பரசி. வந்ததும் ஊசியை எடுக்கவில்லை. என் தலையணையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, தலையணையில எறும்பு ஏறுது?"

சுத்தத்தைப் பற்றி என்னிடம்! பள்ளிக்கூடக் கழிப்பறையைக்கூட நானே போய்ப் பார்வையிட்டுவிட்டுத்தான் வகுப்புக்குள் போவேன். "அது எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் மருத்துவமனை எறும்பு" என்றேன்.

குனிந்து தலையணையைத் தொட்டுப் பார்த்தாள். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள், அம்மா. நாக்கில்! "சர்க்கரை" என்றாள். "நேத்து யாரு உங்களுக்குச் சர்க்கரை குடுத்தா?" இது கடிதத்தில் முதல் பத்தி. 'படுக்கைச் சுத்தத்தைக் காரணம் காட்டி நோயாளியை இழிவுபடுத்தினார்.'

பிறகு கேட்டாள்: "சாப்பிட்டீங்களா?"

"ஆயிற்று."

இந்த இடத்தில் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள், அம்மா. நீங்கள் நிறுத்தினீர்கள். ஹேமலதா நிறுத்தினாள். திருமாறன் நிறுத்துகிறான். சாப்பிட்டாயிற்றா என்பது நலம் விசாரிக்கும் சொல். ஆயிற்று என்பது, 'நலம்தான், நீ உன் வேலையைப் பார்க்கலாம்' என்று அதற்குச் சொல்லும் மறுமொழி. அதற்கு மேல் கேட்பது பண்பாடு ஆகுமா?

இவள் கேட்டாள். "என்ன சாப்பிட்டீங்க?"

நான் அசரவில்லை. "சாதம், சாம்பார், வெண்டைக்காய்ப் பொரியல்."

"இன்னிக்குக் கேன்டீன்ல எலுமிச்சஞ்சாதம் மட்டுந்தாம்மா."

வார்டில் பதினான்கு கட்டில்கள். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் சொன்னேன்: "எனக்கு வெளியிலிருந்து வந்தது."

"யாரு கொண்டாந்தா?"

பாருங்கள், எத்தனை கேள்வி! "அது உனக்கு அநாவசியம். மருத்துவர் பதினாறு யூனிட் எழுதியிருக்கிறார். எழுதியதைப் போடு" என்றேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த அலமாரியைத் திறந்தாள். என்னைக் கேட்காமல். டிபன் கேரியரை எடுத்து ஒவ்வொரு அடுக்காகத் திறந்தாள். மேல் அடுக்கில் என் மூக்குக்கண்ணாடிக் கூடு. நடு அடுக்கில் இரண்டு கைக்குட்டை, மடித்து வைத்தது. கீழ் அடுக்கில் ஒன்றுமில்லை. துடைத்து வைத்த மாதிரி. துடைத்துத்தான் வைத்திருந்தேன்.

அப்புறம் மூன்றாம் கட்டிலைப் பார்க்க வந்திருந்த ஒரு பெண், ரகசியம் பேசத் தெரியாதவள், பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "டீச்சரம்மாவுக்கு யாருமே இல்ல போலருக்கு. பாவம்."

அந்த வாக்கியத்தை நான் புகாரில் எழுதவில்லை. அது செவிலி சொன்னது இல்லையே. புகாரில் பொருந்தாதவற்றைச் சேர்க்கக் கூடாது.

வேம்பரசி என் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். நூற்றுப் பத்து. வார்டு மேசையிலிருந்த தொலைபேசியில் மருத்துவரை அழைத்தாள். இளைஞர் அவர், குரல் எனக்கே கேட்டது.

"நூத்திப் பத்துதானே? சாப்பிட்டதா பேஷண்ட் சொல்றாங்கல்ல? போடுங்க சிஸ்டர்."

"சொல்றாங்க டாக்டர். சாப்பிடல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேரியர் காஞ்சு கெடக்கு டாக்டர். நேத்தும் சுகர் எறங்கியிருக்கு, யாரோ சர்க்கரை குடுத்திருக்காங்க. வெறும் வயித்துல பதினாறு போட்டா ஆளைச் சாய்ச்சிரும். நான் போடல. போடலன்னு எழுதிடறேன். நீங்க வந்து பாருங்க."

எழுதினாள். 'மருந்து நிறுத்தி வைக்கப்பட்டது. நோயாளி உணவு உட்கொள்ளவில்லை.' கையெழுத்து, நேரம், எல்லாம். எழுத்து குண்டுகுண்டாக, ஒழுங்காகத்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் என் சொல்லுக்கு நேர்மாறாக ஒரு வாக்கியம், என் கட்டிலின் கால்மாட்டில், அட்டையில் தொங்கியது, அம்மா. போகிறவர் வருகிறவர் எல்லாம் படிக்கும்படி. நோயாளி உணவு உட்கொள்ளவில்லை.

அப்புறம் அவள் வெளியே போனாள். தன் சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். என் கேரியரின் கீழ் அடுக்கில், அந்தத் துடைத்து வைத்த அடுக்கில், பாதிக்கு மேல் போட்டாள். புளிக்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. உப்புக் கொஞ்சம் கூடுதல். "சாப்பிடுங்க. நான் இங்கதான் நிக்கப் போறேன்" என்றாள். நின்றாள். பரீட்சை மேற்பார்வைக்கு நிற்பதைப் போல.

இதையும் நான் எழுதவில்லை. இது எப்படிப் புகாராகும்?

நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மருத்துவர் வந்தார். வந்தவர் என் கையில் இருந்த கேரியரைப் பார்த்தார். "சாப்பிடலன்னு சொன்னீங்க சிஸ்டர், இதோ சாப்பிட்டுட்டுதானே இருக்காங்க?"

"இப்பதான் டாக்டர் நான் குடுத்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

என் வாய் நிறையச் சோறு இருந்தது. வாயில் உணவை வைத்துக்கொண்டு பேசுவது நல்ல பழக்கம் அன்று. நான் முப்பத்தாறு ஆண்டுகள் பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள். ஆகவே நான் பேசவில்லை.

விழுங்கி முடித்தபோது அவர் போய்விட்டிருந்தார். பாதி அளவு ஊசி போடச் சொல்லிவிட்டு, அவளை வராந்தாவுக்கு அழைத்துப்போய் ஏதோ கடிந்து பேசினார். "உங்க இஷ்டத்துக்கு நிறுத்துவீங்களா?" என்பது மட்டும் கேட்டது.

அடுத்த ஆறு நாளும் மதியம் சரியாகப் பன்னிரண்டரைக்கு எனக்குத் தட்டு வந்தது. குப்பாயி கொண்டுவந்து வைப்பாள். யாருடைய ஏற்பாடு என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குப் போன அன்றே உட்கார்ந்து புகாரை எழுதிப் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

இதோ, நகலைக் காட்டுகிறேன். இந்தப் பத்தியைப் பாருங்கள். 'உணவு அருந்தினேனா எனச் செவிலி வினவினார். ஆயிற்று என விடையளித்தேன். அவ்விடையை நம்ப மறுத்து, மருத்துவர் எழுதிய மருந்தை எனக்கு அளிக்காமல் நிறுத்தினார்.' இதில் எது பொய்? அவள் வினவினாள். நான் விடையளித்தேன். அவள் நம்ப மறுத்தாள். வரிக்கு வரி உண்மை.

தாள் ஆடுகிறது. காற்றில்தான். காற்று இல்லை என்று சொன்னேனா? சொன்னேன்.

எங்கே விட்டேன்? ஆம், விசாரணை. இவர்கள் அதை எப்படிப் படித்தார்கள் என்றால், நோயாளி சாப்பிட்டிருக்கிறார், செவிலி சாப்பிடவில்லை என்று பொய்யாக எழுதியிருக்கிறாள், மருத்துவரும் நோயாளி சாப்பிட்டதைக் கண்ணால் கண்டிருக்கிறார். அவள் எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். "அவங்க தலைமையாசிரியையா இருந்தவங்க, பொய் சொல்லுவாங்களா?" என்று கேட்டார்களாம். மேட்ரனே சொன்னார். கேட்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அவளை வார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். கீழே, இந்த வராந்தாவின் கோடியில், பஞ்சும் துணியும் வெட்டி அடுக்கும் அறையில் போட்டிருக்கிறார்கள். ஒன்றரை மாதமாக நோயாளி முகத்தையே பார்க்கவில்லை அவள்.

இன்று வரும்போது பார்த்தேன். அந்த அறைக் கதவு திறந்திருந்தது. வெள்ளைத் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். தனியாக. பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லை அங்கே. என்னைப் பார்த்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் என் காலைப் பார்த்தாள்.

"புண்ணு ஆறிடுச்சாம்மா?"

"ஆறிவிட்டது."

"ஊசி வீட்டுல யாரு போடுறா?"

"நானே."

"இன்னிக்குப் போட்டீங்களா? என்ன சாப்பிட்டீங்க?"

இன்று அவளுடைய வேலையை நான் தீர்க்கப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும், அம்மா. தெரிந்தும் அதைக் கேட்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் பேசாமல் வந்து இங்கே உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் சௌந்தரநாயகி. சொல்லிவிட்டேனா? சொல்லியிருப்பேன். மகளிர் உயர்நிலைப் பள்ளி. முப்பத்து... முப்பத்து ஆறு. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? வியர்க்கத்தானே செய்யும், வெயில் காலம். உங்களுக்கு வியர்க்கவில்லையா? இல்லையா?

நேற்று ஞாயிறு. திருமாறன் அழைத்தான். "சாப்பிட்டாச்சா அத்தை?" நான் என்றைக்கும் இல்லாமல் சொன்னேன்: "திருமாறா, நாளைக்கு மருத்துவமனையில் ஒரு விசாரணை." அவன், "சரி அத்தை, உடம்பப் பாத்துக்குங்க, வைக்கிறேன்" என்றான். அவனுக்கு அவசரம். என்ன விசாரணை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்டிருந்தால். ஒரு கேள்வி அதிகமாகக் கேட்டிருந்தால். வைத்த பிறகு சற்று நேரம் தொலைபேசியைக் காதிலேயே வைத்திருந்தேன். அதில் ஒன்றும் கேட்காது என்று தெரியும்.

உள்ளே இவர்களும் இன்று ஒரு கேள்வி கேட்பார்கள். கடிதத்தில் நான் எழுதாத கேள்வி. 'அன்றைக்கு மதியம் நீங்கள் சாப்பிட்டிருந்தீர்களா?' அதற்கு ஆயிற்று என்று சொல்லிவிட்டால் முடிந்தது. எத்தனை முறை சொன்ன சொல்! நாக்குக்குப் பழக்கமான சொல். இல்லை என்று சொன்னால், ஊர் கூடிப் படிக்கட்டும் என்று அந்த அட்டையை என் கழுத்தில் மாட்டிக்கொள்வதைப் போல. யாரும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைப் போல.

அந்தக் கதவில் ஏதோ எழுதியிருக்கிறதே. எழுத்து தெரிகிறது. சொல்... என்ன சொல் அது, அம்மா? நீங்கள் படியுங்கள்.

என்ன? என்ன கேட்டீர்கள்?

என்ன சாப்பிட்டேனா?

நீங்களும் கேட்கிறீர்கள்.

இட்லி. இரண்டு இட்லி, கொத்தமல்லிச் சட்...

இல்லை.

இல்லை, அம்மா. எட்டு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டேன். எட்டேகாலுக்குப் பேருந்து. பாதி பன் தின்றேன். மீதியைப் பையில் வைத்தேன். பேருந்தில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று எடுக்கவில்லை. நான் சாப்பிடவில்லை. அன்றைக்கும் சாப்பிடவில்லை. அதற்கு முந்தின நாளும் சாப்பிடவில்லை. எனக்கு வாங்கிவர ஆளில்லை.

பிளாஸ்கில் டீயா? சர்க்கரை போட்டதா? கொடுங்கள். டம்ளரை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், என் கை நிற்கவில்லை. மெதுவாக. இன்னும் கொஞ்சம். அந்தத் தயிர்ச்சாதத்தையும் கொடுங்கள். உங்கள் கணவருக்கு வைத்திருந்தது அல்லவா? மன்னித்துக்கொள்ளுங்கள். கொடுங்கள்.

யாரோ அழைக்கிறார்கள். "சௌந்தரநாயகி அம்மா யாரு?" இதோ, ஐயா, நான்தான். வாயில் சோற்றோடு பேசுகிறேன், பரவாயில்லை. எழ முடியவில்லை. அவர்கள் பத்து நிமிடம் காத்திருக்கட்டும். நான் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். கேட்கப்போகும் கேள்விக்கு விடை மாறிவிட்டது என்று மேட்ரனிடம் சொல்லுங்கள். நானே வந்து சொல்கிறேன். என் கையாலேயே எழுதியும் கொடுக்கிறேன். குப்பாயியையும் கூப்பிட்டு வைக்கச் சொல்லுங்கள். அவள் எனக்குக் கொடுத்த வாக்கை நான் திருப்பித் தந்துவிட்டேன்.

செங்கமலம், நீங்கள் எனக்கு இன்னும் ஓர் உதவி செய்ய வேண்டும். கேட்கிறேன், பாருங்கள். கேட்கிறேன். வராந்தாவின் கோடியில் அந்த அறைக்குப் போய் வேம்பரசியை அழைத்துவாருங்கள். எட்டு மணிக்கு ஊசி, பாதி பன், இப்போது வியர்வை, நடுக்கம், படிக்க முடியவில்லை, டீ கொடுத்தோம் என்று சொல்லுங்கள். இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். டீச்சர் இப்போது சரியாகிவிட்டார் என்றும் சொல்லிப் பாருங்கள்.

நம்பமாட்டாள். வந்து நின்று இன்னொரு கேள்வி கேட்பாள்.

கேட்கட்டும்.